வெயில் படாத இடம்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. உறைந்த அருவி ஏறப் போவதற்கு முந்தின நாள் அவரவர் பையை அவரவர் கட்டக் கூடாது. என் பையை என் புருஷன் வேய்க்கோ கட்டுவான், அவன் பையை நான் கட்டுவேன். தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் காரணம். கல்யாணமானதிலிருந்து இருபத்தாறு குளிர்காலமாக இப்படித்தான் நடக்கிறது. இதனால் வந்த சண்டை கொஞ்சநஞ்சமில்லை. ஒருதரம் என் சாக்லேட்டையெல்லாம் பாரம் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தான் புண்ணியவான். மூன்று நாள் நான் அவனோடு பேசவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் ஓட்டுகிற பள்ளிக்கூடப் பஸ்ஸை நிறுத்திவிட்டு நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். சமையலறைத் தரையில் கால் வைக்க இடமில்லை. ஹெல்மெட் இரண்டு, இடுப்புப் பட்டை இரண்டு, கொக்கிகள், பூட்ஸுக்கு அடியில் மாட்டுகிற இரும்பு முள்தட்டுகள். அடுப்பிலிருந்து நாலடி தள்ளி, நாற்காலி முதுகில் கயிறு காய்ந்துகொண்டிருந்தது. வேய்க்கோ ஜன்னலோரம் உட்கார்ந்து பனிக்கோடாலியின் அலகை அரத்தால் ராவிக்கொண்டிருந்தான்.

"மிஷின்ல பிடிச்சா ரெண்டு நிமிஷ வேலை," என்றேன். சும்மா சீண்டத்தான்.

"எமில் பிடிச்சானே மிஷின்ல. சூட்டுல இரும்பு நீலம் பூத்துப்போச்சு. மறுநாளே நுனி மடங்கிப்போச்சு. மறந்துட்டியா?"

"அது எமிலண்ணனோட கைராசி."

சிரித்தான். இடது காலை நீட்டி வைத்திருந்தான். வீட்டுக்குள் இருக்கும்போது அந்தக் கால் எப்போதும் நீட்டித்தான் இருக்கும். நான் பார்க்காத மாதிரி பார்த்தேன்.

நாளைக்குப் போவது மற்ற வருஷம் போகிற மாதிரி இல்லை. போன வருஷம் பிப்ரவரியில் இதே வெள்ளைப்பாவாடை அருவியில்தான் வேய்க்கோ விழுந்தான். அவன் மேலே ஏறிக்கொண்டிருந்தான், நான் கீழே நின்று அவன் கயிறைப் பிடித்திருந்தேன். அவன் கொத்திய இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பாளம் பெயர்ந்தது. "ஐஸ்!" என்று கத்தினான். அது நேராக என் தலைக்கு வந்தது. நான் பக்கவாட்டில் குதித்தேன். என் இடுப்போடு பிணைந்திருந்த கயிறு விறைத்து, மேலே அவனை வெடுக்கென்று இழுத்தது. அவன் விழுந்தான். ஐஸுக்குள் முறுக்கிக் கயிறை மாட்டியிருந்த திருகு தாங்கிக்கொண்டது. ஆனால் அதற்குள் ஒரு திட்டில் முள்தட்டு மாட்டி, இடது கணுக்கால் இரண்டு இடத்தில் ஒடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில், ஊரில், என்னிடம், எல்லாரிடமும் அவன் ஒன்றையே சொன்னான்: "ஐஸ் பேந்துது, விழுந்துட்டேன்." இல்லை. ஐஸ் பெயர்ந்தபோது அவன் விழவில்லை. கயிறு இழுத்தபோதுதான் விழுந்தான். அந்த இழுப்பு என் இடுப்பில் இன்னும் இருக்கிறது. அவனுக்கு அது தெரியவில்லை என்று நினைத்தேன். தெரியாதவனிடம் நானாகப் போய் "உன் காலை ஒடிச்சது நான்தான்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வருஷம். பஸ்ஸில் நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டில் உட்கார வைக்கிறவள் நான். சொந்தப் புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லை.

இனிமேல் அவன் கயிறைத் தொடுவதில்லை என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தேன். அவனோ, இனி ஏறலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, டாக்டர் முன்னாலேயே என்னைக் காட்டிச் சொல்லிவிட்டான்: "என் கயிறு தைமி கையில இருந்தாத்தான் ஏறுவேன். இல்லன்னா வேண்டாம்." அந்த ஆளுக்கு அருவி ஏறாத குளிர்காலம் குளிர்காலமே இல்லை. ஒரு வருஷமாக ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான்தானே பார்த்தேன். நான் பிடிக்கவில்லை என்றால் அவன் ஏற மாட்டான். நான் பிடித்து, மறுபடியும் ஏதாவது ஆனால்?

சட்டப்படி அவன் சாமானை நான் பார்க்க ஆரம்பித்தேன். மெல்லிய கையுறை இரண்டு ஜோடி, தடித்தது ஒன்று, சட்டைக்குள் நனையாமல் வைத்துக்கொள்ள மாற்று ஒன்று. இடுப்புப் பட்டையின் தையலை விரலால் தடவிப் பார்த்தேன். கயிறை முழம் முழமாக உருவி, எங்காவது நைந்திருக்கிறதா, உள்ளே நெளிந்திருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருக்க இருக்க எனக்கு எரிச்சல் வந்தது.

முள்தட்டில்தான் தப்பு மாட்டியது. கால் ஒடிந்த பிறகு அவன் பாதம் பூட்ஸ் கணக்கில் அரை அளவு பெருத்துவிட்டது. புது பூட்ஸ் வாங்கினோம். முள்தட்டு மட்டும் பழைய பூட்ஸின் அளவிலேயே இருந்தது. மாட்டிப் பார்த்தேன், முன்னால் கம்பி பிடித்தது, பின்னால் குதிகால் பூட்டு பாதிதான் ஏறியது. பாதி அருவியில் காலை விட்டுக் கழன்று விழுந்திருக்கும்.

அப்பாடா, போக வேண்டாம் என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன். அடுத்த நொடி எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

"யோவ், இது என்னய்யா?" என்று அதைத் தூக்கிக் காட்டினேன். "புது பூட்ஸ் வாங்கத் தெரிஞ்சுது, இத ஒரு ஓட்டை தள்ளி மாட்டத் தெரியலையா? இருபத்தாறு வருஷமா ஏறுறியாம்!"

வேய்க்கோ பார்த்தான். முகம் வெளுத்துப்போனது. "பூட்ஸ போட்டு நடந்து பாத்தேன். இத மாட்டிப் பாக்கல," என்றான்.

"நடந்து பாத்தாராம். நாளைக்கு நடக்கவா போறோம்?"

"அதுக்குத்தானே தாயே பைய உன்கிட்ட குடுக்குறேன்." கும்பிடு போடுகிற மாதிரி அரத்தை இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டான்.

ஒரு ஓட்டை தள்ளி மாட்டினேன். குதிகால் பூட்டு டக்கென்று விழுந்தது. கையால் பிடித்து உலுக்கினேன், பூட்ஸும் தட்டும் ஒன்றாகவே ஆடின. அதற்குள் அவன் என் பையை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டான். "எட்டிப் பாக்காதே," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

விறகெடுக்கிற சாக்கில் கொட்டகைக்குப் போய், பக்கத்து வீட்டு எமிலுக்குப் போன் போட்டேன். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், எங்களை விடப் பத்து வயசு பெரியவர், இன்றைக்கும் எங்களை விட நன்றாக ஏறுவார்.

"அண்ணே, நாளைக்கு நீங்க எங்களோட வரணும். வேய்க்கோ கயிற நீங்க பிடிங்க."

"ஏன், உனக்கு என்ன?"

"தோள்பட்டை வலி."

"நேத்து நீ ஒத்தையா பஸ் சக்கரத்த மாட்டினதப் பாத்தேனே?"

"அதனாலதான் வலி. வரீங்களா, மாட்டீங்களா?"

"வரேன்மா, வரேன். கத்தாதே," என்றார் எமில்.

காலையில் பட்டாணி சூப்பைச் சுடச்சுட பிளாஸ்கில் ஊற்றினேன். ஏலக்காய் ரொட்டியைக் கனமாக வெட்டித் தாளில் சுற்றினேன். வேய்க்கோ வாசலில் வெப்பமானியைப் பார்த்துவிட்டு வந்தான். ஐந்து நாளாக மைனஸ் பத்தைச் சுற்றியே இருந்தது. திடீரென்று குளிர் இறங்கினால் ஐஸ் கண்ணாடி மாதிரி நொறுங்கும், திடீரென்று ஏறினால் பிடிப்பு விட்டுப்போகும். ஒரே நிலையாக இருப்பதுதான் நல்லது. எந்த அருவி, எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தாளில் எழுதி எமிலின் பெண்டாட்டி கையில் கொடுத்தோம். நாலு மணிக்கு நாங்கள் வரவில்லை என்றால் மீட்புக்காரர்களுக்குப் போன் செய்ய வேண்டியது அவள் பொறுப்பு.

எமில் வண்டியில் ஏறியதும் வேய்க்கோ என்னைப் பார்த்தான். "கூட்டத்துக்கு ஆள் சேத்துட்டியா?"

"சும்மா வரார். காத்து வாங்க."

"மைனஸ் பத்துல காத்து வாங்கவா? நல்லா இருக்கு."

எமில் ரொட்டியைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். வாய் நிறைய இருந்தால் பேச வேண்டியதில்லை பாருங்கள்.

வண்டியை நிறுத்திவிட்டு ஏரிக்கரை வழியாக முக்கால் மணி நேரம் நடை. வேய்க்கோ மெதுவாகத்தான் நடந்தான், நான் அதைவிட மெதுவாக நடந்தேன். போகிற வழியில் மேலேயிருக்கும் சரிவைப் பார்த்தோம். பனி கனமாகத் தேங்கவில்லை, புதிதாகச் சரிந்த தடமும் இல்லை. அருவி கண்ணில் பட்டதும் மூன்று பேருமே நின்றுவிட்டோம். மடிப்பு மடிப்பாக, மேலே வெளுப்பாக, அடியில் இளநீலமாகத் தொங்கியது. ஓராண்டு கழித்துப் பார்க்கிறேன். பாவி, எவ்வளவு அழகாக இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது.

இந்தமுறை வேய்க்கோ முன்னால் ஏறப் போவதில்லை. பக்கத்துப் பாதையில் நடந்து மேலே போய், இரண்டு தேவதாரு மரத்தைச் சேர்த்துக் கட்டி, அதிலிருந்து கயிறைத் தொங்கவிடுவதாக ஏற்பாடு. ஒரு முனை அவன் இடுப்பில், மறுமுனை கீழே நிற்பவர் கையில். அப்படிச் செய்தால் கால் வழுக்கினாலும் ஒரு முழம்தான் இறங்குவான். கீழே இருப்பவர் கையை விடாதவரை. எமில் கயிறைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலே போனார். வேய்க்கோ ஒரு பாறையில் உட்கார்ந்து முள்தட்டை மாட்ட ஆரம்பித்தான். நான் பையை வைக்க இடம் தேடி அருவியின் அடிக்குப் போனேன்.

போன வருஷம் நான் நின்ற இடம் இடது பக்கம் இருந்தது. காலை வெயில் அங்கே பளிச்சென்று விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்காமல் வலது பக்கம் திரும்பினேன். அங்கே ஒரு பாறை கூரை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடியில் எப்போதும் இடுப்பளவு பனி அடைத்துக் கிடக்கும்.

இப்போது பனி இல்லை. யாரோ தோண்டி எடுத்திருந்தார்கள். ஒரு ஆள் தாராளமாக நிற்கிற அளவுக்குத் தரையைச் சமமாக்கி மிதித்து, வழுக்காமல் இருக்க ஊசியிலைக் கிளைகளை வெட்டிப் பரப்பியிருந்தார்கள். அங்கே நின்று அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேல் பாறை. அதைத் தாண்டி ஒரு பக்கமாக அருவி முழுசாகத் தெரிந்தது. மேலேயிருந்து என்ன பெயர்ந்தாலும் இந்த இடத்தில் விழாது. இங்கே நிற்கிறவள் எதற்கும் குதிக்க வேண்டியதே இல்லை.

அப்படியே கிளைகள் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

வேய்க்கோ மெல்ல மெல்ல வந்தான். "இடம் புடிச்சிருக்கா?" என்றான்.

"இத யாரு தோண்டினது?"

"நான்தான். ரெண்டு நாள் முன்னாடி, நீ பஸ்ஸுக்குப் போனப்போ."

"இந்தக் காலோட இவ்ளோ தூரம் நடந்தியா? மண்வெட்டியத் தூக்கிக்கிட்டு? தனியாவா?"

"எமில் வந்தான். அவன் கிளை வெட்டினான், நான் தோண்டினேன்."

அந்தக் கிழவர் நேற்று போனில் ஒன்றும் தெரியாத மாதிரி பேசினாரே! அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வாயைத் திறந்தால் வேறு என்னவோ வந்துவிடும் போலிருந்தது. வந்தும்விட்டது.

"வேய்க்கோ, போன வருஷம் நான் குதிச்சேன். கயிறு இழுத்துச்சு. அதனாலதான் நீ விழுந்த. ஐஸால இல்ல. என்னாலதான்."

"தெரியும்," என்றான்.

"தெரியுமா?"

"கயிறு என் இடுப்புல தானே தைமி கட்டியிருந்துது? எனக்குத் தெரியாதா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து தடித்த கையுறையால் அவன் மாரிலேயே ஒன்று போட்டேன். "தெரிஞ்சும் ஒரு வருஷமா ஐஸ் பேந்துது, ஐஸ் பேந்துதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியா? நான் இங்க தெனம் செத்துக்கிட்டு இருந்தேன்யா!"

வேய்க்கோ அடியை வாங்கிக்கொண்டு நின்றான். அவன் உதடு துடிப்பதை அப்போதுதான் கவனித்தேன். இந்த மனிதன் அழுது நான் இரண்டே தரம் பார்த்திருக்கிறேன், ஒன்று அவன் அம்மா போனபோது, இன்னொன்று எங்கள் நாய் போனபோது.

"உன்ன அந்த வெயில்ல கொண்டுபோய் நிக்க வச்சது யாரு?" என்றான். "நான்தானே? 'அங்க நில்லு, வெயில் படுது, கை விறைக்காது'ன்னு சொன்னேன். வெயில் பட்டா ஐஸ் விடும்னு நேத்து ஏற வந்தவனுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? உன் கை குளிருமேன்னு ஒண்ணுதான் பாத்தேன். மேல என்ன தொங்குதுன்னு பாக்கல. நேரா என் காலுக்குக் கீழ உன்ன நிறுத்திட்டேன்."

அது உண்மைதான். அவன்தான் சொன்னான். எனக்கு விரல் சீக்கிரம் வெளுத்துப்போகும், அதற்காகத்தான் சொன்னான். இந்த ஒரு வருஷத்தில் அது எனக்கு ஒருதரம்கூட ஞாபகம் வரவில்லை.

"நீ குதிக்கலன்னா அது உன் தலையில எறங்கியிருக்கும்," என்றான். "என் கால் நல்லாத்தான் இருந்திருக்கும். நல்ல கால வச்சுக்கிட்டு நான் என்னடி பண்ணுவேன்? நீ குதிச்சதுக்குத் தெனம் காலையில எழுந்ததும் சாமிக்கு நன்றி சொல்றேன்."

"அத என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா, கயிறு இழுத்துச்சுங்கறதையும் சொல்லணும். நீ உடைஞ்சுபோவ. அதான் ஐஸ் மேல போட்டேன். அது கோவிச்சுக்காது பாரு."

நான் அழுதேன். சும்மா கண் கலங்குவது இல்லை, மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதேன். அந்தக் குளிரில் கண்ணீர் இமையிலேயே உறைந்து ஒட்டிக்கொண்டது. வேய்க்கோ கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் கட்டை விரலால் என் இமையைத் தேய்த்துவிட்டான். ஒரு வருஷமாக இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே மேஜையில், ஆளுக்கொரு குற்றத்தை மடியில் கட்டிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறோம். என்ன ஜன்மங்களோ.

"இங்க வெயில் வராது. குளிரும்," என்றான். "உன் பையத் திற."

திறந்தேன். மேலேயே அவனுடைய பெரிய இறகு ஜாக்கெட் இருந்தது. அதற்குள் புது ரோமக் கையுறை ஒரு ஜோடி, உள்ளங்கைப் பக்கம் கயிறு பிடிக்கத் தோல் வைத்துத் தைத்தது. கை சூடேற்றும் பொட்டலங்கள் ஆறு. ஒரு முழுப் பலகை சாக்லேட்.

எமில் மேலேயிருந்து இறங்கி வந்து சேர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார், வேய்க்கோ முகத்தைப் பார்த்தார். "மரம் ரெண்டும் கல்லு மாதிரி நிக்குது. கயிறு தயார்," என்றார். பிறகு தொண்டையைச் செருமினார். "தோள்பட்டை எப்படி இருக்கு தைமி?"

"உங்களுக்கு ஒருநாள் இருக்கு எமிலண்ணே."

"அது தெரியும். இப்ப கயிற யாரு பிடிக்கிறது?"

நான் கயிறை வாங்கிக்கொண்டேன்.

வேய்க்கோவைச் சோதித்தேன். முடிச்சு, பட்டையின் வளையம், ஹெல்மெட் வார், இரண்டு குதிகால் பூட்டு. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, கையாலும் இழுத்துப் பார்த்தேன். அவன் என்னைச் சோதித்தான். கயிறைப் பிடித்து நிறுத்துகிற கருவியில் கயிறு சரியான பக்கம் ஓடுகிறதா, கொக்கி திருகிப் பூட்டியிருக்கிறதா. பிறகு போய் அருவியின் அடியில் நின்று, இரண்டு கோடாலியையும் தலைக்கு மேல் கொத்தினான். இரண்டும் மந்தமாக, ஆழமாக இறங்கின. நல்ல ஐஸ்.

எங்கள் ஊர்ப் பக்கம், கீழே நின்று கயிறு பிடிப்பவர் "கயிறு என் கையில" என்று வாய்விட்டுச் சொல்லாமல் யாரும் தரையிலிருந்து கால் எடுக்க மாட்டார்கள். தலையாட்டினால் போதாது. உங்களுக்குப் பதிலாக வேறு ஒருவர் சொல்லவும் முடியாது.

கயிறு கையில் இருக்கிறது, எனக்கு வார்த்தை வரவில்லை. வேய்க்கோ திரும்பிப் பார்க்கவில்லை. "என்ன ஆச்சு" என்று கேட்கவும் இல்லை. ஐஸில் கை வைத்தபடி அப்படியே நின்றான். எமில் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவன் விரல் விறைத்துப்போயிருக்கும். ஆனாலும் நின்றான்.

"கயிறு என் கையில," என்றேன்.

"கேக்கல," என்றான் வேய்க்கோ.

"கயிறு என் கையில!" பஸ்ஸின் கடைசி சீட்டில் அடித்துக்கொள்கிற பையன்களுக்காக வைத்திருக்கும் குரல் அது. பக்கத்து மரத்திலிருந்து பனி பொத்தென்று விழுந்தது.

"இப்ப கேக்குது," என்றான். ஒடிந்த காலைத்தான் முதலில் தூக்கி வைத்தான்.